பறக்கும் தவளையும் நம்ம வாய்க்கால் தண்ணியும்



சேமிப்பு, கடன், வங்கி, சந்தை என்று மாதாமாதம் பேசுகிற இந்தப் பக்கத்தில் இந்த முறை ஒரு தவளையைப் பற்றிப் பேசப் போகிறோம். "தவளைக்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீங்க. மழை பொய்த்துப் போனால் தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. ராத்திரி தவளை கத்தினால், "காலையில மழைதான்" என்று காயப்போட்ட மிளகாயை எடுத்து உள்ளே வைக்கிறவர்கள் நாம். தவளைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயம் நம்மில் பல பேருக்குத் தெரியாது. நம் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் பிறக்கிற மலையிலேயே, உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டும் வாழும் ஒரு மரத்தவளை இருக்கிறது. அதன் பெயர் ஆனைமலைப் பறக்கும் தவளை. அது இப்போது ஆபத்தில் இருக்கிறது. அதற்கு என்ன ஆபத்தோ, அதே ஆபத்து நம் தண்ணீருக்கும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மலை எங்கே, நாம் எங்கே?

பொள்ளாச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிவது ஆனைமலைத் தொடர். ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். அதற்கும் அப்பால் கேரள எல்லைக்குள் இதே மலைத்தொடரில்தான் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி இருக்கிறது. அதன் உயரம் 2,695 மீட்டர்.

தென்மேற்குப் பருவமழை இந்த மலையில் கொட்டித் தீர்க்கும். வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் உடுமலை, பல்லடம், காங்கேயம் பகுதிகள் வறண்ட பூமி. மேற்கே ஓடிக் கொண்டிருந்த ஆற்றுத் தண்ணீரை அணைகள் கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி விட்டார்கள். அதுதான் பி.ஏ.பி. என்று நாம் சொல்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம். நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. நம் தென்னந்தோப்பும், தக்காளியும், மக்காச்சோளமும், மாட்டுத் தீவனமும் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. பல ஊர்களுக்குக் குடிதண்ணீரும் இதே தண்ணீர்தான்.

அணை தண்ணீரைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். கொட்டுகிற மழையைப் பிடித்து, வேரில் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது மலையில் இருக்கிற காடு. குழுக் கணக்கில் சொன்னால் காடு அசல், ஓடைத் தண்ணீர் வட்டி. வட்டியை வாங்கிக்கிட்டே இருக்கலாம். அசலில் கை வைத்தால் இரண்டும் போய்விடும்.

யார் இந்தத் தவளை?

நம் வீட்டுக் குளியலறையில் சுவரோடு ஒட்டிக் கொண்டிருக்கும் தேரையையும், வயல் தவளையையும் நமக்குத் தெரியும். இது வேறு மாதிரி. மழைக்காட்டில் மரத்தின் மேலே வாழும் பச்சை நிறத் தவளை. பகல் முழுக்க இலையோடு இலையாக ஒட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரியில்தான் நடமாட்டம்.

கை விரல்களுக்கும் கால் விரல்களுக்கும் நடுவே வாத்துக் காலில் இருப்பது போல அகலமான ஜவ்வு இருக்கிறது. அது ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம். மரத்திலிருந்து குதிக்கும்போது கை கால்களை விரித்து, இந்த ஜவ்வைக் குடை மாதிரி பிடித்துக் கொள்ளும். அதனால் பொத்தென்று விழாமல் காற்றில் சறுக்கி அடுத்த மரத்துக்குப் போய்விடும். பறவை மாதிரி மேலே எழும்பிப் பறக்காது. சறுக்கி வருவதைத்தான் பறப்பது என்கிறோம். விரல் நுனியில் வட்டமான ஒட்டுப் பட்டை இருப்பதால் ஈர இலையிலும் வழுக்காமல் பிடித்துக் கொள்ளும்.

இதைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாக இன்னொரு பறக்கும் தவளை உண்டு. ரொம்ப நாளாக இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள். கார்த்திகேயன் வாசுதேவன், சுஷில் குமார் தத்தா என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆனைமலையின் ஆண்டிப்பாறைச் சோலையில் கிடைத்த தவளைகளை ஆராய்ந்து, இது தனி இனம் என்று 2000-ஆம் ஆண்டில் பெயர் வைத்தார்கள். பிறகு கேரளப் பக்கத்து மலைகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் இதன் உலகம் ஆனைமலையும் அதை ஒட்டிய மலைகளும்தான். இங்கே அழிந்தால் வேறெங்கிருந்தும் கொண்டு வந்து விட முடியாது.

நுரையில் கட்டிய தொட்டில்

இந்தத் தவளை முட்டை வைக்கிற விதத்தைத் தெரிந்து கொண்டால், அதற்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் ஆபத்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

வயல் தவளை தண்ணீரிலேயே முட்டையிடும். இந்த மரத்தவளை அப்படிச் செய்வதில்லை. மழைக்காலத்தில், தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மேலே நீட்டிக் கொண்டிருக்கும் கிளையைத் தேடிப் போகும். பெண் தவளை தன் உடம்பிலிருந்து ஒரு பசையான நீரை விட்டு, மோர் கடைவது போலப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கும். முட்டைகள் அந்த நுரைக்குள் பத்திரமாக இருக்கும். நுரையின் மேல்பக்கம் காய்ந்து ஆடை கட்டிக்கொள்ளும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தண்ணீரில் இருக்கும் மீனும் பூச்சியும் முட்டையைத் தின்ன முடியாது.

சில நாட்களில் முட்டை பொரிந்து, நுரை இளகி, தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே உள்ள தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழும். அங்கேயே பாசியைத் தின்று வளர்ந்து, கால் முளைத்து, வால் சுருங்கி, குட்டித் தவளையாகி மறுபடி மரம் ஏறும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கரையில் மரம் வேண்டும். அதன் கிளை தண்ணீருக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீழே தண்ணீர் வற்றாமல் நிற்க வேண்டும். அது சுத்தமாக இருக்க வேண்டும். நுரை காய்ந்து போகாமல் இருக்க நிழலும் ஈரக் காற்றும் வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்த வருடக் குஞ்சுகள் இல்லை. மரத்தை வெட்டினால் நுரைக்கூடு கட்ட இடமில்லை. மரம் இருந்து தண்ணீர் வற்றிப் போனால் தலைப்பிரட்டை வெறும் மண்ணில் விழும். இரண்டும் இருந்து தண்ணீரில் விஷம் கலந்திருந்தால் விழுந்த இடத்திலேயே சாகும்.

ஏன் ஆபத்து வந்தது?

1890-கள் தொடங்கி வால்பாறை மேட்டில் மழைக்காட்டை வெட்டித் தேயிலை, காபி, ஏலத் தோட்டங்கள் போட்டார்கள். பெருங்காடு துண்டு துண்டாகிப் போனது. தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே தீவு மாதிரி சோலைத் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. சுற்றிலும் இருக்கும் காடு 1976-ல் சரணாலயமாகி, இப்போது ஆனைமலை புலிகள் காப்பகமாக இருக்கிறது. அங்கே பாதுகாப்பு உண்டு. ஆனால் தோட்டங்களுக்குள் இருக்கும் சோலைத் துண்டுகளும் ஓடைக் கரைகளும் சரணாலயத்துக்கு வெளியே இருப்பவை.

தவளையால் யானை மாதிரி பத்து மைல் நடந்து அடுத்த காட்டுக்குப் போக முடியாது. அதன் தோலில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். வெயிலில் மொட்டையாகக் கிடக்கும் தேயிலைச் சரிவைத் தாண்டுவது அதற்குப் பாலைவனத்தைத் தாண்டுவது மாதிரி. மழை ராத்திரியில் துணிந்து கிளம்பினால் நடுவில் ரோடு. ஆனைமலை ரோடுகளில் தவளைகளும் பாம்புகளும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிச் சாவதைக் கணக்கெடுத்து 2001-லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது.

2004-ஆம் ஆண்டில் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இந்தத் தவளையைத் தன் சிவப்புப் பட்டியலில் 'மிக மோசமான ஆபத்தில் உள்ளது' என்ற வகையில் சேர்த்தது. வங்கிக் கடனுக்கு முன்னால் நம் குழுக்களைத் தரம் பிரிப்பார்களே, அந்த மாதிரி உயிரினங்களையும் தரம் பிரிக்கிறார்கள். இந்த வகைக்கு அடுத்த படி 'காட்டில் அழிந்துவிட்டது' என்பதுதான்.

இந்த ஒரு தவளைக்கு மட்டும் வந்த கதி இல்லை இது. உலகம் முழுவதும் தவளை, தேரை உள்ளிட்ட நீர்நில வாழ்வனவற்றில் 8,011 இனங்களை ஆராய்ந்து 2023-ல் ஒரு பெரிய கணக்கு வெளியானது. நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக அதில் தெரிந்தது. பறவைகளையும் பாலூட்டிகளையும் விட இவற்றுக்கு ஆபத்து அதிகம்.

தோலே வாய், தோலே மூக்கு

தவளைக்கு மட்டும் ஏன் இப்படி? காரணம் அதன் தோல். தவளை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகவே உறிஞ்சிக் கொள்ளும். மூச்சுக்காற்றிலும் ஒரு பகுதியைத் தோல் வழியாகவே எடுத்துக் கொள்ளும். முட்டைக்கும் ஓடு கிடையாது. அதனால் தண்ணீரில் கலந்த எந்த மருந்தும் நேராக அதன் உடம்புக்குள் போய்விடும்.

களை மருந்து இலையில் நன்றாக ஒட்ட வேண்டும் என்பதற்காக அதில் சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் அதுதான் தலைப்பிரட்டைகளுக்கு எமனாக இருக்கிறது என்பது அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் தெரிய வந்தது. "களைக்குத்தானே அடிக்கிறோம், உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்று நினைப்பது சரியில்லை.

பக்கத்துக் கேரளாவில் காசர்கோட்டில் முந்திரித் தோப்புகளுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததும், அங்கே பிறந்த குழந்தைகள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. மனிதருக்கு வந்த பிறகுதான் நாம் கவனித்தோம். ஒரு ஓடையில் தவளைச் சத்தம் நின்று போனால் அப்போதே, "இந்தத் தண்ணிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும்.

தவளை போனால் நமக்கென்ன?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக் கால்களை டன் கணக்கில் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே அது விருந்துச் சாப்பாடு. வயல் வயலாக இறங்கி ராத்திரியில் விளக்கு வைத்துத் தவளை பிடித்தார்கள். வயலில் பூச்சியைத் தின்று வந்த தவளை குறைந்து போகிறது, அதனால் பூச்சி மருந்துச் செலவு கூடுகிறது என்ற எதிர்ப்பு கிளம்பியது. 1987-ல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்தியது. தவளை சும்மா செய்து தந்த வேலையைக் காசு கொடுத்து மருந்துக்கடையில் வாங்குவது லாபமா, நஷ்டமா? கணக்கு எழுதும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலைத்தவளையும் அப்படித்தான். அது பூச்சியைத் தின்கிறது. அதைப் பாம்பும் பறவையும் தின்கின்றன. தலைப்பிரட்டை பாசியை மேய்ந்து குட்டையைச் சுத்தமாக வைக்கிறது. இதையெல்லாம் விட, தவளைக்குக் கூடு கட்ட இடம் கொடுக்கிற அதே கரையோர மரம்தான் மண் சரியாமல் பிடித்து வைக்கிறது. கரை மொட்டையானால் சேறு ஓடையில் இறங்கும். ஓடைச் சேறு அணைக்குப் போகும். அணையில் மண் மேடாக மேடாக, கடைமடையில் இருக்கும் சகோதரிகளுக்குத் தண்ணீர் குறையும். நுரைக்கூடு தொங்கும் ஓடை நல்ல ஓடை. அதை இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை என்றே வைத்துக் கொள்ளலாம்.

பிழைப்பா, தவளையா?

"தவளையைக் காப்பாத்தணும்னு சொல்லி எங்க பிழைப்புல மண்ணைப் போட்டுடுவாங்களா?" இது நியாயமான கேள்வி. வால்பாறையில் கொழுந்து பறித்துக் குடும்பம் நடத்தும் நம் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தவளைக்காகத் தோட்டத்தை மூட வேண்டியதில்லை. காட்டை ஒட்டி, பெரிய நிழல் மரங்களை விட்டு வைத்த காபி, ஏலத் தோட்டங்களிலும் இது வாழ்கிறது. ஓடைக் கரை இரண்டு பக்கமும் ஒரு பட்டை அளவு நாட்டு மரங்களை விட்டு வைத்தாலே ஒரு சோலைத் துண்டுக்கும் இன்னொன்றுக்கும் பாலம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இது வெறும் பேச்சு இல்லை. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து தோட்டக் கம்பெனிகளோடு சேர்ந்து, சிதைந்த சோலைத் துண்டுகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்து வருகிறது. தோட்டமும் நடக்கிறது, காடும் திரும்புகிறது. நாற்றங்காலில் காட்டு விதைகளைப் பொறுக்கி, பையில் போட்டு, கன்றாக்கும் வேலை நம் கைக்குப் பழகின வேலைதான்.

நாம் என்ன செய்யலாம்?

மலையில் இருக்கும் குழுக்கள்:

1. ஓடை, ஊற்று, குட்டை ஓரத்தில் நிற்கும் மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள். தோட்டத்தில் விறகுக்கென்றே வளர்த்த யூகலிப்டஸ் கிடைக்கும் இடத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

2. மருந்து டேங்கையும் வாளியையும் ஓடையில் இறக்கிக் கழுவ வேண்டாம். தண்ணீரை மொண்டு தூரமாகக் கொண்டு போய்க் கழுவுங்கள். காலி மருந்து டப்பாவை ஓடையில் வீசாதீர்கள், வீட்டுப் புழக்கத்துக்கும் எடுக்காதீர்கள்.

3. ஓடைக்கு மேலே வெள்ளையாக நுரைக்கட்டி தொங்கினால் குழந்தைகள் குச்சியால் தட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அதற்குள் ஒரு தலைமுறை இருக்கிறது.

சமவெளியில் இருக்கும் குழுக்கள்:

4. வாய்க்கால் கரையிலும் கிணற்று மேட்டிலும் பத்தடி தூரத்துக்குக் களை மருந்து அடிக்காமல் விடுங்கள். அந்த இடத்தில் கையால் களை எடுத்து மாட்டுக்குப் போடலாம். மழை வரும் என்று தெரிந்த நாளில் எங்கேயும் மருந்தடிக்காதீர்கள். காசும் வீண், தண்ணீரும் வீண்.

5. மழை ராத்திரியில் மலை ரோட்டில் வண்டியில் போனால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் நம் அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும்தான்.

6. தவளையைத் தொட்டால் மரு வரும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவதை விட்டுவிடலாம். மரு வருவது ஒரு வகைக் கிருமியால். தவளை மேல் பழி வேண்டாம். அதற்காகப் பிடித்து விளையாடவும் வேண்டாம். நம் கையில் இருக்கும் சோப்பும் உப்பும் அதன் தோலுக்கு ஆகாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கீழே உள்ள கேள்விகளைக் கேளுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர் எந்த மலையிலிருந்து, எந்த அணை வழியாக வருகிறது? பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் மழை ராத்திரியில் கேட்ட தவளைச் சத்தம் இப்போது கேட்கிறதா? எந்தக் குட்டையில் நின்று போனது? அந்தக் குட்டைக்கு மேலே யார் என்ன மருந்து அடிக்கிறார்கள்? மருந்து டேங்கை எங்கே கழுவுகிறார்கள்?

வயதான அம்மாக்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். டேங்க் கழுவ ஒரு பொது இடம் ஒதுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றினால், அதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, கிராம சபையில் கொடுக்கலாம். ஒருத்தி தனியாகப் போய்ச் சொன்னால், "தவளைக்காகவா வந்தே?" என்று சிரிப்பார்கள். குழுவாகப் போய், "எங்க குடிதண்ணிக்காக வந்திருக்கோம்" என்று சொன்னால் உட்கார வைத்துக் கேட்பார்கள்.

தவளைக்கு ஓட்டு இல்லை, மனு எழுதத் தெரியாது. தண்ணீர் கெட்டுப் போச்சு என்பதை நமக்கு முன்னால் தெரிந்து கொள்ளும், ஆனால் வாய் திறந்து சொல்லாது. சத்தத்தை நிறுத்திக் கொள்ளும், அவ்வளவுதான். அந்த அமைதியைக் கவனிக்க வேண்டியவர்கள் தினமும் அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொள்ளுகிற நாம்தான்.

உங்கள் குழுவில் பேசியதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.